நாடாத் தடம்

நவம்பர் 9, சனி

வருஷம் முடியப் போகிற நேரத்தில் டைரி கொண்டுவந்து கொடுக்கிற ஆளை இவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. இவருடைய ஆய்வகத்துக்குக் கண்ணாடிச் சாமான் விற்கிற கம்பெனிக்காரன் மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நுண்ணோக்கிப் படம் வேறு. “நீங்க எழுதுற ஆளாச்சே தமயந்தி” என்று நீட்டினார். நான் எங்கே எழுதுகிறேன்? மற்றவர்கள் எழுதியதில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை.

கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ‘நீங்க’, ‘வாங்க’தான். நாற்பத்து நான்கு வயதுவரை கிருமிகளோடு குடித்தனம் நடத்திய மனுஷர், மனைவியிடம் எப்படிப் பேசுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இது இரண்டாவது கல்யாணம். முதலாவதைப் பற்றிப் பெண் பார்க்க வந்த அன்று கேட்டார். “ஒத்துவரலைங்க” என்றேன். சரி என்று காபியைக் குடித்தார். அதற்குமேல் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காதவராக இருந்ததால்தான் சம்மதித்தேன்.

இன்றைக்கு முள்ளங்கிச் சாம்பார். உப்பு கொஞ்சம் தூக்கல். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 12, செவ்வாய்

இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது பின்பக்கம். வேலூரில் இருக்கிறோம் என்றே தெரியாது. மதில் தாண்டினால் மலைச்சரிவு, உண்ணிச்செடிப் புதர். சேலையெல்லாம் முன்பக்கக் கொடியில் காயும். உள்பாவாடைகளை மட்டும் பின்னால் கொண்டுபோய்ப் புதர்மேல் விரித்துவிடுவேன். இவர் இரண்டு நாளாகப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இன்னொரு கொடி கட்டித் தரவா என்று கேட்டார். தெருவில் போகிறவனெல்லாம் என் பாவாடையைப் பார்த்துக்கொண்டு போகவா என்றேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரி நசீமா அக்காவின் கணவர் கேட்டருகில் நின்று சிகரெட் பிடிப்பார். அந்த வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுவேன். “மூச்சுத் தொந்தரவாம்மா ஒனக்கு?” என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

இவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பாடம் நடத்தினார். நான் கேட்டதுதான். அப்படி அந்தக் கிருமியிடம் என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களே என்று.

ஸ்க்ரப் டைபஸ் என்கிற காய்ச்சலைக் கொண்டுவருகிற கிருமி அது. புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி கடித்து உடம்புக்குள் வரும். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களாம். உண்ணியே இல்லை, அது வேறு பூச்சி என்று இவருக்குக் கோபம். நம் உடம்பின் செல்லுக்குள் போனால்தான் அந்தக் கிருமி பிழைக்கும். கதவை உடைத்துக்கொண்டு போகிற முரடன் இல்லையாம். மேலே வந்து ஒட்டிக்கொண்டதும் செல்லே அதை அணைத்து உள்ளே வாங்கிக்கொள்ளும். உள்ளே போனதும் செல்லின் சுமைகூலிகளே தூக்கிக்கொண்டு போய் நடுக்கூடமான கருவுக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு அது சில புரதங்களைச் சுரந்து அனுப்பும். தான் வெளியே வராது. எல்லா வேலையையும் அந்தப் புரதங்கள் செய்யும்.

“இது பாருங்க, ஆபத்துன்னு சொல்ற செய்தி” என்று ஒரு பீன்ஸைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினார். “இது கருவுக்குள்ள போய்ச் சேர்ந்தாத்தான் உடம்பு முழிச்சுக்கும். போகுது. ஆனா இந்தப் புரதம் இருக்கே, பின்னாடியே போயி அதை வெளிய கூட்டிட்டு வந்துடுது.” இன்னொரு பீன்ஸ் வந்து முதல் பீன்ஸை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவர்களை வாசலிலேயே தோளைத் தொட்டு, ஒன்றுமில்லை, போய்விட்டு வாங்க என்று அனுப்பிவைக்கிற ஆள் மாதிரியா என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பில் இதைச் சொல்லிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார்! அந்த மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். பழைய வீட்டில் இருந்தார். புடவை மடித்துக்கொண்டே சொல்வார், “ஒண்ணுமில்ல, உள்ள போ” என்று. சரி, அது வேறு கதை.

கிருமிக்கு இடம் கொடுக்கிற உயிருக்குத் தமிழில் ஓம்புயிர் என்று பெயராம். ஓம்புவது என்றால் பேணிக் காப்பது. கெடுக்க வந்தவனைப் பேணுகிற உயிருக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இவர் சிரித்தார். சிரித்தால் இவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகை மெய்ப்பில் ‘நல்லாசி’ என்பது ‘நல்லாசை’ என்று விழுந்திருந்தது. திருத்தாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

நவம்பர் 20, புதன்

இவர் புனே போயிருக்கிறார். புதிதாக ஏதோ கருவி வாங்கப்போகிறார்களாம், அதற்குப் பயிற்சி. அடுத்த மாதம்தான் வருவார். காட்பாடியில் ரயில் ஏறும்வரை ஏதோ சொல்ல வந்தவர் போலவே நின்றார். வண்டி நகர்ந்ததும் ஜன்னலோரம் வந்து, “கேஸை மூடிட்டுப் படுங்க” என்றார். இதற்குத்தானா இவ்வளவு நேரம்?

வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்குத் தனிமை பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். இப்போது பிடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இடுப்பில் பாவாடை நாடா பதிகிற இடத்தில் கைக்கு ஏதோ தட்டுப்படுகிறது. வலியில்லை, அரிப்பில்லை. நாடாத் தடம் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். நான் கொஞ்சம் இறுக்கியே கட்டுகிறேன். இருட்டில் குளிக்கிற பழக்கம் என்பதால் பார்க்கவில்லை. அந்தப் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசையும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல். தலை பிளக்கிறது. ரசம் வைத்தேன், குடிக்க முடியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

அச்சகத்துக்குப் போகவில்லை. என் குரலை வைத்தே இவர் கண்டுபிடித்துவிட்டார். போனிலேயே வைத்தியம் தொடங்கிவிட்டது. தலைவலி எந்த இடம், கண் சிவந்திருக்கிறதா, பின்பக்கம் போனீர்களா. பிறகு, “உடம்புல எங்கயாவது ஒரு புண்ணு இருக்கா பாருங்க. வலிக்காது. கறுப்பா, சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

அவர் முடிக்கும் முன்பே இல்லை என்றேன். அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

எதற்குச் சிகரெட் என்று சொல்ல வேண்டும்? உலகத்தில் வேறு உவமையே கிடைக்கவில்லையா இந்த டாக்டர்களுக்கு? காய்ந்த மிளகு மாதிரி என்று சொல்லலாம். புளியங்கொட்டைத் தோல் மாதிரி என்று சொல்லலாம். என்னிடம் மெய்ப்புக்கு வந்திருந்தால் அடித்துவிட்டு மாற்றியிருப்பேன்.

நவம்பர் 26, செவ்வாய்

நசீமா அக்கா தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். காலையும் மாலையும் ஊசி. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சேலைக்கு மேலேயே பாருங்கள் என்றேன். அவருக்கும் வெளியே கூட்டம் காத்திருந்தது, விட்டுவிட்டார். ஆட்டோவில் வரும்போது அக்கா என் நெற்றியில் கைவைத்து, “இன்னா புள்ள இது, நெருப்பா கொதிக்குது” என்றார். அவர் கைகளில் வெங்காய வாசனை. எனக்கு அப்படியே அவர் மடியில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இவருக்கு டைபாய்டு என்று சொல்லிவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் வேறு எதையும் யாரும் தேடமாட்டார்கள்.

நவம்பர் 28, வியாழன்

ஊசி போட்டும் விடவில்லை. எழுத்து கோணுகிறது. இவர் காலையிலிருந்து விட்டுவிட்டுக் கூப்பிடுகிறார். “டைபாய்டு மாதிரி தெரியலைங்க. எனக்குச் சொல்லவேணாம், நசீமா அக்காகிட்டயாவது ஒருவாட்டி உடம்பக் காட்டுங்க.” அக்கா பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்றேன். நம்பிவிட்டார். நம்புகிறவரிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது.

பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பழைய தழும்புகளோடு ஒன்று கூடுதலாக இருப்பது மாதிரி இருந்தது. அந்தப் பழைய வீட்டு ஆள் வந்துவிட்டுப் போய்விட்டானோ என்று பயந்து கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. எனக்குத்தான் எத்தனை என்று மறந்துபோயிருக்கும். இது நாடாத் தடம்.

இவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்னைப் பாவம் என்று நினைப்பார். இந்த வீட்டில்தான் நான் பாவமில்லாமல் இருக்கிறேன். உப்புத் தூக்கலாகச் சாம்பார் வைக்கிற ஒரு பெண், அவ்வளவுதான்.

நவம்பர் 29, வெள்ளி

மூச்சு வாங்குகிறது. அக்கா இவருக்குப் போன் செய்துவிட்டாராம். வேண்டாமென்று சொன்னேனே.

டிசம்பர் 5, வியாழன்

ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. டைரியை இவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்த அடையாளம் இல்லை. பார்க்கிறவரும் இல்லை.

போன சனிக்கிழமை காலை வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறியிருக்கிறார். சென்னையிலிருந்து காரில், நனைந்த பையோடு. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். என் துணியெல்லாம் வியர்வையில் ஊறிக் கிடந்தது. மாற்ற அக்கா வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தார். பாவாடை நாடா ஈரத்தில் முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. என் விரலில் பலமில்லை. ஆனால் அக்கா கைவைத்தபோது மட்டும் எங்கிருந்தோ பலம் வந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று அழுதேனாம். அக்கா பயந்துபோய் வெளியே போய்விட்டார்.

இவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“தமயந்தி, கைய எடு.”

எடுங்க இல்லை, எடு. அந்தக் காய்ச்சலிலும் எனக்கு அது காதில் விழுந்தது.

“என்ன இருந்தாலும் பரவாயில்ல. நான் பாக்கறேன். எடு.”

எடுத்தேன். நகத்தாலும் பல்லாலும் முடிச்சைப் பிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன இது என்று கேட்பார், யார் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டார். எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக. குழந்தைக்குத் துடைப்பது மாதிரி. அக்காவைக் கூப்பிட்டு வேறு புடவையைச் சுற்றி என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இடுப்பில் இருந்த கறுப்புப் புண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே ஸ்க்ரப் டைபஸுக்கான மருந்தை ஏற்றச் சொன்னார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம், முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். அப்புறம் அந்த டாக்டர் குனிந்து பார்த்து, மற்றத் தழும்பெல்லாம் என்ன என்று கேட்டார். என்னால் பேச முடியவில்லை. இவர்தான் பதில் சொன்னார்.

“அதெல்லாம் ஆறினது டாக்டர். இது மட்டும் புதுசு.”

டாக்டர் இவரை ஒரு மாதிரி பார்த்தார். இவர்தான் செய்தவர் என்று நினைத்திருக்கலாம். என் வாயில் ஆக்சிஜன். இல்லை என்று தலையை ஆட்டினேன், யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு இவர் சும்மா நின்றார்.

மருந்து ஏறிய மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. சரியான மருந்து விழுந்தால் அப்படித்தான் அடங்குமாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று நர்ஸ் சொன்னாள். கிளினிக்கில் போட்ட ஊசி செல்லுக்குள் ஒளிந்திருக்கிற கிருமியைத் தொடவே தொடாதாம். பாவாடையைப் புதர்மேல் காயப்போட்டதில் பூச்சி துணியோடு வந்திருக்கிறது. இடுப்பில் நாடா இறுகுகிற இடம் அதற்குத் தோதாகப் போய்விட்டது.

நேற்று நானே கேட்டேன், இத்தனை நாள் உடம்புக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று. பழைய பீன்ஸ் கதையைச் சொன்னார். கடைசியில், “ஆனா எப்பவும் ஏமாத்த முடியாதுங்க. அந்தச் செல்லு சும்மா இருந்தாலும் பக்கத்துல இருக்கறது சத்தம் போட ஆரம்பிச்சுடும்” என்றார். அவர் சொன்னது செல்லைத்தான். நான் நசீமா அக்காவை நினைத்துக்கொண்டேன். அக்கா தினமும் கஞ்சி கொண்டுவருகிறார். கையைத் தட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு வாய் அதிகமாகக் குடி, அது போதும் என்றார்.

காய்ச்சல் விட்டதும் ‘நீங்க’ திரும்பிவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டிசம்பர் 9, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. புதரை ஆள் வைத்து வெட்டிவிட்டார். பின்னறைக்குள் ஜன்னலோரம் கொடி கட்டியிருக்கிறார், தெருவுக்குத் தெரியாது. என் பாவாடைகளை அவரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் புது நாடா, அகலமாக, மெத்தென்று. நாடா கோப்பதற்கு ஊக்கு தேடி அக்காவிடம் போயிருக்கிறார். அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது இல்லை, மாத்திரை கொடுக்கும்போது இல்லை. எனக்குக் கோபம் வருகிறது. கேட்டால் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடலாம். கேட்காமல் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறவரிடம் என்ன சொல்வது?

ஆறினது என்று டாக்டரிடம் சொன்னாரே, அது தப்பு. நான் திருத்த வேண்டிய தப்பு. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

டிசம்பர் 11, புதன்

சொன்னேன்.

மத்தியானம், சமையலறையில். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். “ஆறினதுன்னு சொன்னீங்களே, ஆறலைங்க” என்று தொடங்கினேன். பிறகு நிற்கவில்லை. அந்த ஆளின் பெயர், எந்தெந்த நாள் சிகரெட்டால் சுட்டான், எதற்காக ஒவ்வொன்றும். ஒன்று, பேப்பரில் வந்த பிழையைப் பார்த்து நான் சிரித்ததற்கு. நான் கத்தினபோது அடுத்த அறையில் புடவை மடித்துக்கொண்டிருந்த மாமியார். ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனது. அங்கேயும் தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துவந்தது அவர்தான். இந்த வீட்டுக்கு வந்தபோது இதெல்லாம் தெரியாத ஒருவரிடம் இருக்கப் போகிறேன் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்றப் பார்த்துச் சாகக் கிடந்ததையும்.

நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு என்னருகில் தரையில் வந்து உட்கார்ந்தார். அவர் அழுதார். நான் அழவில்லை. பாவம் என்று பார்ப்பார் என்று பயந்தேனே, அப்படிப் பார்க்கவில்லை. தாங்க முடியாத கோபத்தில் இருக்கிற ஒரு நல்ல மனுஷனின் முகம் அது. அந்த முகத்தை எனக்காக ஒருவரும் வைத்துக்கொண்டதில்லை இதுவரை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இப்பவும் வலிக்குதா?”

இல்லை என்று நாக்குவரை வந்துவிட்டது. “மழை நாள்ல இழுக்கும்” என்றேன்.

எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்தார்.

“எங்கன்னு காட்டு.”

காட்டினேன்.